துருக்கோடுகள் சாய்ந்திருப்பதன் காரணம்

முதலில் ஒரு திருத்தம். டாக்டர் ஞானமுத்துவின் கடைசி டாங்கிக்குத் துரு பூசியவள் நான் அல்ல. நம் மாடல் கிளப்பின் இரங்கல் கூட்டத்தில் அப்படிச் சொல்லப்பட்டது. அதன் பிறகு வலியசாலையிலும் ஸ்ரீவராகத்திலும் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் அதையே ஒரு பாராட்டுப்போல என்னிடம் சொல்கிறார்கள். "டாக்டருக்குக் கை நடுங்கித்து, பாவம். மாமிதான் முடிச்சுக் கொடுத்தாளாம். மாமிக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்லையே, அதான் கோடெல்லாம் கொஞ்சம் கோணலாப் போயிடுத்து." அவர் கை செய்ததை என் பெயரில் எழுதிவிட்டு, பிறகு அதைக் கோணல் என்றும் சொல்கிறார்கள். அவர் கையும் தவறவில்லை, என் கண்ணும் தவறவில்லை. கோடுகள் சாய்ந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கிளப் போடும் ஞாபகமலருக்கு ஒரு பக்கம் போதும் என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது. எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் ஒவ்வொருவரிடமும் தெருவில் நின்று சொல்ல வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் உப்பு வறுத்துக்கொண்டிருந்தேன். கர்க்கடக மாதத்து ஆடி மழையில் நம் ஊரில் உப்பு ஜாடிக்குள்ளேயே கசிந்துவிடும். வறுத்த உப்பு சமையலுக்கல்ல, துருவுக்கு. துருநிறம் பூசிய பரப்பை ஈரமாக்கி அங்கங்கே உப்பைத் தூவி, காய்ந்தபின் மேலே பச்சை வண்ணம் அடித்து, உப்பைத் தேய்த்து உதிர்த்தால் அந்த இடங்களில் வண்ணம் பெயர்ந்து அடியில் துரு தெரியும். போன் அடித்தது. டாக்டரின் மனைவி கிரேஸ். "மாமி, அவிய போயிட்டாவ. காப்பி கேட்டாவ. கொண்டு வாறதுக்குள்ள போயிட்டாவ." நான் ஏதோ சொன்னேன், என்னவென்று நினைவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது உப்பு கருகாமல் இருந்தது. உப்பு எங்கே கருகும்?

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் பாறசாலைப் பக்கத்துத் தமிழர். கரமனையில் நெடுங்காலம் பல் மருத்துவம் செய்தவர். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, நிஜப் போர் டாங்கியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் டாங்கி செய்து, அது நிஜமாகவே மழையில் கிடந்ததுபோல் ஆக்குவது அவருக்கும் எனக்கும் நம் கிளப்பில் இன்னும் சிலருக்கும் வாய்த்த வேலை. வெளியே இதைப் பொம்மை என்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் போனில் டாக்டரிடம் டாங்கித் துருவைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு ஒருநாள் சுவர்மேல் எட்டிப் பார்த்து, "மாமி ஆத்து டாங்க்ல துருவா? நம்ம பிளம்பர் நல்லவனாக்கும், வரச் சொல்லட்டா?" என்றாள்.

நான் இதற்குள் வந்தது என் கணவரால். அவர் பெட்டிகளை வாங்கி அடுக்கினாரே தவிர ஒன்றையும் பிரிக்கவில்லை. ஓய்வு பெற்றபின் செய்வேன் என்பார். ஓய்வு பெற்றார், பெட்டிகள் அப்படியே இருந்தன, பிறகு அவர் இல்லை. பெட்டிகளை கிளப்புக்குக் கொடுத்துவிடலாம் என்று எடுத்துப் போனேன். டாக்டர் ஒன்றைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "மாமி, இத வேற ஆளுக்குக் கொடுத்தா சாருக்கு மனசு வருமா? நீங்களே ஒட்டுங்க" என்றார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. "நான் உங்களுக்கு மாமி இல்லை. மிஸஸ் சுப்ரமணியன்" என்றேன். "சரி, மிஸஸ் மாமி" என்றார். கடைசிவரை மாமியை விடவில்லை.

என் முதல் டாங்கியைப் பற்றி அவர் சொன்னதை நம் கிளப்பில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று தெரியும். கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களுக்கு நீர்வண்ணம் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்தத் துணிச்சலில் டாங்கி முழுவதும் ஒரே சீராகப் பழுப்பு நிறத்தைத் தீட்டி, தூரிகைத் தடம்கூடத் தெரியாமல் முடித்து எடுத்துப் போனேன். டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "மிஸஸ் மாமி, இது துரு இல்ல. சாம்பார் கொட்டுன டாங்கி."

"எங்காத்துச் சாம்பார் இந்த நிறத்தில இருக்காதாக்கும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்தபின் பல் ஆராயும் கொக்கியை எடுத்து டாங்கியின் ஒவ்வொரு இடுக்காகத் தொட்டுக் காட்டினார். "வாயில சொத்தை எங்க விழும்? பிரஷ் எட்டாத எடத்துல. இங்கயும் அப்படித்தான். தண்ணி எங்க தங்கும்னு பாருங்க. மூடியோட கீல்ல தங்கும், போல்ட்டுக்கு அடியில தங்கும், இந்த மடிப்புல தங்கும். அங்க தொடங்கி, தண்ணி போற வழியில எறங்கும். மத்த எடத்துல துருவுக்கு என்ன வேல?" அதுதான் நான் அவரிடம் கேட்டவற்றில் மிகப் பயனுள்ள பேச்சு. பிற்பாடு அவர் செம்மஞ்சளை அள்ளிப் பூசும் பழக்கத்தை நான் கண்டித்து நிறுத்தினேன் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். புதுத் துரு மட்டும்தான் அந்த நிறம், பழசு கறுத்துப்போகும், இரண்டையும் கலக்கக் கூடாது என்றேன். "மிஸஸ் மாமி தீர்ப்பு, அப்பீல் இல்ல" என்று துடைத்துவிட்டார்.

அவருடைய கிளினிக்கின் இரும்புக் கேட்டை நம்மில் பலர் பார்த்திருப்பார்கள். அதற்கு வண்ணம் அடிக்க அவர் யாரையும் விட்டதில்லை. காலையில் காப்பியோடு வந்து அதன் முன்னால் நின்று, நேற்று எதுவரை இறங்கியிருந்தது, இன்று எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பார். கிரேஸுக்கு இது பெரிய மனக்குறை. "துருப்பிடிச்ச கேட்டப் பாத்துட்டு எவன் மாமி பல்லக் காட்ட உள்ள வருவான்? உள்ள குறடும் இப்படித்தான் இருக்கும்னு நினைக்க மாட்டானா?" டாக்டர் ஒரு கல்யாணத்துக்கு நாகர்கோவில் போன சமயம் பார்த்து ஆளைக் கூப்பிட்டு வெள்ளி நிற பெயின்ட் அடித்துவிட்டாள். திரும்பி வந்தவர் கேட்டின் முன்னால் சற்று நேரம் நின்றார். பிறகு எனக்குப் போன் செய்தார். "நம்ம வாத்தியார் செத்துப்போயிட்டாரு மாமி." நான் உண்மையிலேயே பதறிவிட்டேன். யார் என்று கேட்டால், கேட். அதற்காக அவரை ஒரு வாரம் திட்டினேன்.

இவற்றையெல்லாம் எழுதினால் அவர் ஒரு குறையும் இல்லாதவர் என்று தோன்றும். அப்படியல்ல. தூரிகையைக் கழுவ மாட்டார். வேலை மேசையிலேயே பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, தின்று அதே எண்ணெய்க் கையால் பிளாஸ்டிக்கைத் தொடுவார். பாட்டை அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இருப்பார், அதுவும் முதல் வரியை மட்டும். சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை. நான் கடையில் ஹேர் ஸ்ப்ரே வாங்கிய கதையை ஊர் முழுக்கப் பரப்பியவரும் அவர்தான். வண்ணம் பெயர்ந்ததுபோல் காட்ட உப்புக்குப் பதிலாக ஹேர் ஸ்ப்ரேயும் அடிக்கலாம். சாலைக் கடைத்தெருவில் கேட்டபோது அந்தப் பெண் என் கொண்டையைப் பார்த்துவிட்டு, "மோளுக்காணோ அம்மே?" என்று கேட்டாள். மகளுக்கா என்று. "அல்ல, டாங்கிக்கு" என்று சொல்லியிருக்க வேண்டும். "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் அதன் பிறகு கிளப்புக்கு நான் வரும்போதெல்லாம் என் தலையை ஒருமுறை உற்றுப் பார்ப்பார்.

இப்போது கல்லாற்றுக்கு வருகிறேன். கோடுகளின் காரணம் அங்கே இருக்கிறது.

பொன்முடி அடிவாரத்தில், கல்லாற்றங்கரையில் ஒரு பழைய ஜீப் கிடப்பதாக அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அவர், நான், கிரேஸ் மூவரும் கார் பிடித்துப் போனோம். ஜீப் கரையிலிருந்து ஒருபுறமாகச் சரிந்து, இடப்பக்கச் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கிக் கிடந்தது. டாக்டர் சேற்றில் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். எதிரே டீக்கடை வைத்திருந்தவர் தென்காசிக்காரர். வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எம்மா, அத எடைக்கு எடுக்க வந்தீகளா?"

நான் பதில் சொல்வதற்குள் டாக்டர் சேற்றிலிருந்தே, "ஆமாய்யா. இந்த மாமிதான் மொதலாளி. அவிய கிட்ட வெல பேசும்" என்றார்.

"பாத்தாத் தெரியுதே" என்றார் டீக்கடைக்காரர். "இரும்பு யாவாரம்னா முகத்துல கொஞ்சங்கூடச் சிரிப்பு இருக்கப்படாதுல்லா."

கிரேஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு ஜீப்பின் பின்பக்கம் போனேன். பின்பக்கத் தகட்டைப் பார்த்தபோது ஒன்று என் கண்ணில் உறுத்தியது. துருக்கோடுகள் இரண்டு திசையில் ஓடின. கறுத்த பழைய கோடுகள் தகட்டின் ஓரத்துக்கு இணையாக இருந்தன. செம்மஞ்சள் கோடுகள் அவற்றை வெட்டிக்கொண்டு இடப்புறம் இறங்கின. "இது ஏன் இப்படிக் குறுக்கும் நெடுக்குமா இருக்கு?" என்று கேட்டேன். டாக்டர் எழுந்து வந்து பார்த்தார். பாட்டு முனகுவதை நிறுத்திவிட்டு இரண்டு கோடுகளையும் விரலால் மேலிருந்து கீழாகத் தடவினார்.

"மாமி, பழசு இது நிமிந்து நின்ன காலத்துல எறங்குன தண்ணி. புதுசு சாஞ்சதுக்கு அப்புறம் எறங்குன தண்ணி. தண்ணிக்கு ரெண்டு தடவையும் நேர் கீழதான். வண்டிதான் மாறிட்டு."

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் கை தொடையின்மேல் ஆடிக்கொண்டே வந்தது. கார் குலுக்கல் என்று நினைத்தேன். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் ஆடியது.

நடுக்கம் அதற்கப்புறம் எல்லோரும் அறிந்தது. உடலும் இடப்பக்கமாகச் சாயத் தொடங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தால் கிரேஸ் ஒரு தலையணையை முட்டுக்கொடுப்பாள். அந்த நிலையில்தான் கடைசி டாங்கியைத் தொடங்கினார். பழைய ரஷ்ய டாங்கி. கல்லாற்று ஜீப்பைப்போல ஒருபக்கம் பள்ளத்தில் சரிந்து கிடக்க வேண்டும் என்பது அவர் தீர்மானம். "மொதல்ல நின்ன காலத்துக் கோடு, பொறவு சாஞ்ச காலத்துக் கோடு. ரெண்டும் தெரியணும் மாமி. நின்னதையும் மறைக்கப்படாது, சாஞ்சதையும் மறைக்கப்படாது." டாங்கி கிடக்க வேண்டிய பள்ளத்தை நான் செய்வது என்று ஏற்பாடு. கிளப்பின் கண்காட்சி வரை அங்கே யாருக்கும் சொல்லக் கூடாது என்றார். எல்லோரும் வாய்பிளக்க வேண்டும், பல் டாக்டருக்கு அதைவிட வேறென்ன வேண்டும் என்றார்.

கை நடுங்குகிறவர் கோடு எப்படி இழுத்தார் என்று கேட்பவர்களுக்கு: மருந்து சாப்பிட்டுச் சிறிது நேரம் கழிந்தால் காலையில் கை கொஞ்சம் அடங்கும். அந்த நேரத்துக்கு நான் போவேன். பல் மருத்துவர்கள் ஒரு பல்லைக் குடையும்போது மோதிர விரலைப் பக்கத்துப் பல்லின்மேல் ஊன்றிக்கொள்வார்களாம். அதேபோல் விரலை டாங்கியின் விளிம்பில் ஊன்றி, மூச்சை நிறுத்தி, மேலிருந்து கீழே ஒரு கோடு. பிறகு ஓய்வு. பிறகு இன்னொன்று. அவர் கை எப்போதும் நேர் கீழே வந்தது. சாய்ந்திருந்தது டாங்கி. அதை அந்தச் சாய்வில் அசையாமல் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது நான். நான் பிடித்தது டாங்கியை, தூரிகையை அல்ல. "மிஸஸ் மாமி, கை ஆடுது" என்பார். "என் கையா, உங்க கையா?" என்பேன். "யாரு கைன்னு தெரியாத வரைக்கும் நமக்கு ரெண்டு பேருக்கும் மரியாத" என்பார். கிரேஸ் இதைப் பார்த்திருக்கிறாள். வாசல்வழி எட்டிப் பார்த்துவிட்டுப் போன வேறு சிலரும் நாங்கள் இருவரும் ஒரே டாங்கியின்மேல் குனிந்திருந்ததைப் பார்த்துத் தாமே முடிவுசெய்துகொண்டார்கள்.

பூச்சு முடிந்தது. பள்ளம் முடியுமுன் அவர் போய்விட்டார். மழையில் பாறசாலைக் கல்லறைத் தோட்டம் வரை போய் வந்தேன். ஷூவோடு சேறு வீட்டுக்குள் வந்தது. அதைத் துடைக்கக்கூடத் தெம்பில்லை.

பிறகு நம் செயலாளர் ஹரிஹரன் போய்க் கேட்டதன்பேரில் கிரேஸ் டாங்கியை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவளுக்குப் பள்ளத்தைப் பற்றி நினைக்க எங்கே மனம்? ஹரிஹரன் அதைத் தேக்குப் பலகையில் நிமிர்த்தி நிறுத்தினார். நிறுத்தியதும் சாய்ந்த காலத்துக் கோடுகள் கோணலாகிவிட்டன. டாங்கி தயாரிப்பவர்கள் மட்டும் செய்யக்கூடிய தவறு இது. எந்த டாங்கியைக் கண்டாலும் நம்மவர்கள் சக்கரத்தைத் தரையில் பதித்துத்தான் வைப்பார்கள். அத்தனை பேர் கூடிப் பார்த்தும் ஒருவரும் பலகையைச் சற்றுச் சாய்த்துப் பார்க்கவில்லை.

நான் போன் செய்தேன். "தப்பா நெனச்சுக்காதேங்கோ மாமி" என்றார் ஹரிஹரன். "வயசானா கையும் கண்ணும் அப்படித்தானே. நாங்க சத்தம் போடாம கண்காட்சிக்கு முன்னாடி அந்தக் கோணலையெல்லாம் சரி பண்ணிடறோம். டாக்டர் பேரையும் மாமி பேரையும் சேர்த்தே கண்காட்சி அட்டையில போட்டுட்டேன்." காரணத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "வாஸ்தவம். ஆனா பள்ளத்துல கிடந்தா ஜனங்களுக்குச் சரியாத் தெரியாது கேட்டேளா? நிமிர்ந்து நின்னாத்தான் ஒரு கம்பீரம். பாக்கலாம் மாமி, ஆகட்டும்." அன்று மாலை வாட்ஸாப்பில் கைகூப்பும் படம் ஒன்று வந்தது. அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஹரிஹரன் நல்லவர். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். டாக்டரைப் படமெடுக்கப் போனவர்களும் நல்ல எண்ணத்தில்தான் இருபுறமும் பிடித்து நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். அந்தப் படம்தான் இந்த மலரின் அட்டையில் வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். படத்தில் அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் கோடுகளில் ஒன்றையாவது துடைத்தாலோ நேராக்கினாலோ அவர் கடைசியாகச் செய்தது இல்லாமல் போய்விடும். இன்னொரு முறை பூச அவர் வரமாட்டார். என்னால் பூச முடியும். ஆனால் அது அவருடையதாகாது.

என்னிடம் இப்போது அவருடையதாக இருப்பவை: அவர் கொடுத்த பல் கொக்கி ஒன்று. எந்த இரும்பைக் கண்டாலும், கோயில் வாசல் கம்பியோ பேருந்து ஜன்னலோ, தண்ணீர் எங்கே தங்குகிறது என்று பார்க்கும் பழக்கம். டாங்கியைப் பிடித்திருந்த சாய்வு, அது என் மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டும் அதே அளவில் சாய்த்துக் காட்டுவேன். அப்புறம் அந்தப் பள்ளம். பிளாஸ்டரும் தென்னைநார்க் கழிவும் வடிகட்டிய தேயிலைத்தூளும் சேர்த்துச் செய்தது. அவர் போனபின் முடித்தேன். சாப்பாட்டு மேசையில் காலியாகக் கிடக்கிறது. நான் மேசையின் மறுகோடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

ஆகவே கிளப்பிடம் நான் கேட்பது இவ்வளவுதான். டாங்கியின் வண்ணத்தை யாரும் தொடக் கூடாது. பள்ளத்தை ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், அதில் சாய்த்தே வையுங்கள். கண்காட்சி அட்டையில் டாக்டர் ஞானமுத்துவின் பெயர் மட்டும் இருக்கட்டும். பள்ளத்துக்குப் பெயர் வேண்டாம். இவற்றுக்குச் சம்மதமா இல்லையா என்பதைக் கண்காட்சிக்கு முன்பாகக் காகிதத்தில் எழுதி, செயலாளர் கையெழுத்திட்டு, ஸ்ரீவராகத்தில் என் வீட்டு முகவரிக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.